ஆண்ட்வெர்ப் நகரில் ஒரு சனி ஞாயிறு

(நமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



யான் ஐரோப்பாக் கண்டத்திலிருந்து திரும்பிவந்த செய்தியறிந்த நம் சங்கக் காரியதரிசியவர்கள், அங்கே கண்டவற்றைக் குறித்து இக்கூட்டத்தில் ஒரு மணி நேரத்திற்கு மேற்படாமல் பேசுதல் வேண்டுமென்று பணித்தார்கள். மூன்று மாதத்திற்குச் சிறிது குறைய அங்கே தங்கியிருந்தேன். கண்டவையனைத்தையும் கூறப் புகுந்தால் கேட்போர்க்குச் சலிப்பும் கூறுவோனுக்குத் தொண்டைக்கட்டும் உண்டாகுமேயன்றி வேறு பயன் விளையாது. ஆதலின் அந்நாட்களுள் இரண்டே நாட்களை, அதாவது ஒரு சனிக்கிழமையையும் அதனையடுத்த ஞாயிற்றுக்கிழமையையும் மாத்திரம் எடுத்துக்கொள்கின்றேன். அவ்விரு நாட்களில் எங்கள் குடும்பத்தார் ஐவரும் பெல்ஜியம் தேசத்து ஆண்ட்வெர்ப் என்னும் நகரத்திற்கு, முன்னேற்பாடு யாதுமின்றிச் சென்று மீண்டோம்.

நம்மவர் பிரயாணத்திற்கு அஞ்சுபவரல்லர். காசி, இராமேசுவரம், பழநி, திருப்பதி யாத்திரைகளுக்கும், கலியாணம் சீமந்தம் முதலிய சுபகாரியங்களுக்கும், துக்கம் விசாரிப்பதற்கும், கொள்முதலுக்கும், கோர்ட்டு வழக்குக்கும் எத்தனை காதம் வேண்டுமாயினும் செல்வோம். ஆனால் ஒரு காரணமுமின்றி, 'போய்ப் பார்த்துவிட்டு வருவோம்' என்று குடும்பத்தோடு புறப்படுதல் நம்மிடத்து மிகவும் அரிது. அங்ஙனம் புறப்பட்டாலும் எந்த ஊரில் எந்த உறவினர் இருக்கின்றார், அவர் வீட்டு வாயிலை மிதியாமல் வந்தால் மனத்தாங்கல் வருமே என்னும் கணக்குப் பத்து நாள் நடக்கும். புளியோதரைக் கணக்கு வேறு. ஐரோப்பியர் வழக்கமோ இதனின் வேறுபட்டது. வெள்ளிக்கிழமை மாலை அலுவலகக் கதவைச் சாத்தினரேல் திங்கட்கிழமை காலைவரை அவர்களை ஏவுவார் ஒருவருமில்லை. தூரமும் அவர்களுக்குத் துணை செய்கின்றது. சென்னையிலிருந்து மதுரைக்குச் செல்லும் தூரத்திற்குள் அங்கே மூன்று தேசங்கள் அடங்கிவிடும்.

நிற்க. என் ஒரே மகள், தன் கணவரோடும் ஒன்பது வயதுப் பெண் குழந்தையோடும் ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் நகரில் வசிக்கின்றாள். கணக்குப் பரிசோதனை அவளுடைய உத்தியோகம். யானும் என் மனைவியும் அவளைக் காணச் சென்றபொழுது என் பெட்டியில் ஒரு பத்திரத்தின் நகல் இருந்தது. இச்செய்தியை என் தம்பியின் சம்மதம் பெற்றே கூறுகின்றேன். அவன் இச்சபையில் இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கின்றான்.

எங்கள் தந்தையார் ஏற்படுத்திய பாத்திரக் கடையை யானும் தம்பியும் பொதுவில் நடத்தி வருகின்றோம். தம்பிக்கு இரண்டு புதல்வர்கள்; எனக்கு இவள் ஒருத்தியே. பெண்ணுக்குரிய பங்கிற்கு ஈடாக ஒரு தொகை கொடுத்து அவளிடம் விடுதலைப் பத்திரம் பெற்றுக்கொண்டால், கடை பின்னாளில் சிதறாமல் பையன்களிடம் இருக்கும் என்பது குடும்பத்துப் பெரியவர்களின் யோசனை. நம்மவர் குடும்பங்களில் இவ்வழக்கம் எவ்வளவு பரவியிருக்கின்றது என்பதை யான் சொல்ல வேண்டுவதில்லை. இங்கே வீற்றிருக்கும் தாய்மார்களில் பலர் அத்தகைய பத்திரங்களில் கையெழுத்திட்டவர்களே. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் உயிலெழுதாது இறந்த தந்தையின் சொந்தச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு தந்தது. 1989-இல் தமிழ்நாட்டிலும், 2005-இல் தேசமெங்கும், கூட்டுக்குடும்பப் பிதிரார்ஜிதத்திலும் மகனைப்போன்றே மகளுக்கு உரிமை ஏற்பட்டது. சட்டம் கொடுத்ததைப் பத்திரம் திரும்ப வாங்கிக்கொள்கின்றது. வெளிதேசத்திலுள்ள பெண்ணாயின், ஊரிலுள்ள ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதி, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்று அனுப்புதல் வேண்டும். அஃது இந்தியாவை அடைந்த மூன்று மாதத்திற்குள் முத்திரைத் தீர்வை செலுத்துதல் வேண்டும். இவ்விவரங்களையெல்லாம் வக்கீல் எழுதியே கொடுத்திருந்தார். யான் பத்திரத்தை அவளிடம் கொடுத்து, "இஃது உன் சித்தப்பா அனுப்பியது, படித்துப் பார்த்து உன் மனம்போல் செய்" என்று சொன்னேன். அவள் மேசை அறையில் வைத்தாள். மூன்று வாரம் அதனைப்பற்றி இருவரும் பேசவில்லை.

அந்நிலையில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை மழை பெய்துகொண்டிருந்தது. என் பேர்த்தி பள்ளியிலிருந்து வந்ததும், ஆண்ட்வெர்ப்பில் அரண்மனைபோல ஒரு ரெயில்வே ஸ்டேஷன் இருக்கின்றதாமே, அதன் பக்கத்திலேயே மிருகக்காட்சிசாலையும் இருக்கின்றதாமே என்று கேட்டாள். மாப்பிள்ளை, "நாளைக்குப் போய்வந்தால் என்ன, மாமா?" என்றார். யான் அதனை வேடிக்கைப் பேச்சென்று கருதியிருக்கும்பொழுதே அவர் கைத்தொலைபேசியில் வண்டிச் சீட்டும் தங்குவதற்கு இரண்டு அறைகளும் எடுத்து முடித்துவிட்டார். அதற்குச் சென்ற நேரம் கால் மணிக்கும் குறைவு. என் மனைவி மாத்திரம் சூலம் எந்தத் திசை என்று வினவினாள். சனிக்கிழமை கிழக்கே சூலம், நாங்கள் செல்வதோ தெற்கே, ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம், திரும்புவதோ வடக்கே. ஆக, பஞ்சாங்கமும் அனுமதி கொடுத்தது.

ராட்டர்டாமுக்கும் ஆண்ட்வெர்ப்புக்கும் சற்றேறக்குறைய 100 கிலோமீட்டர். 2009-இல் திறக்கப்பட்ட அதிவேக இருப்புப்பாதையில், புகை சிறிதுமில்லாத புகைவண்டி ஒரு மணிக்கும் குறைந்த நேரத்தில் கொண்டு சேர்க்கின்றது. இடையில் ஒரு தேசம் முடிந்து மற்றொரு தேசம் தொடங்குகின்றது. ஆயினும் வண்டியை நிறுத்துவாருமில்லை, பெட்டியைத் திறக்கச் சொல்வாருமில்லை. எல்லையைக் கடந்துவிட்டோம் என்பதைக் கைத்தொலைபேசிக்கு வந்த ஒரு செய்தியால் அறிந்தோம். எனினும் நம்போன்ற அயல்தேசத்தார் பாஸ்போர்ட்டை உடன்கொண்டு செல்வதே முறை. எங்கள் ஐவருடையதும் என் மனைவியின் கைப்பையிலே இருந்தன. அப்பையை அவள் இரண்டு நாளும் கீழே வைத்தாளில்லை.

ஸ்டேஷனைக் குறித்துக் குழந்தை சொன்னது மிகையன்று. வண்டி பூமிக்குக் கீழே ஆழத்தில் நிற்கின்றது. நகரும் படிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிவந்தால், முதலில் இரும்பும் கண்ணாடியும் கொண்ட பெருங்கூடம். அதனையடுத்து 75 மீட்டர் உயரமுள்ள கல் கும்மட்டம். 1905-இல் கட்டி முடிக்கப்பெற்றது. அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபொழுது, டிக்கெட் வாங்கும் இடத்திற்கு இத்துணை அழகு எதற்கென்று என் வியாபாரப் புத்தி கேட்டது. வருவோர் போவோர் எல்லாரும் ஒரு கணம் தலையை நிமிர்த்துகின்றனர், அதற்கே போலும்.

வெளியே வந்து ஒரு தெருவைக் கடந்தால் வைரக் கடைவீதி. உலகத்து வைரத்தில் பெரும்பகுதி நெடுங்காலம் இச்சில தெருக்களின் வழியே கைமாறியது. ஆனால் நாங்கள் சென்றது சனிக்கிழமையாதலின் பெரும்பாலும் அடைத்துக் கிடந்தது. காரணம், சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வுநாள். அத்தெருக்களுக்கு அப்பால், கருப்புப் பட்டு அங்கியும் உரோமத் தொப்பியும் அணிந்த ஆடவர்கள், மனைவி மக்களோடு மெல்ல நடந்து செல்வதைக் கண்டோம். ஒரு தகப்பனாரின் இரு பக்கமும் ஐந்து குழந்தைகள். ஒருவர் கையிலும் தொலைபேசி இல்லை, வண்டியில் ஏறுவாரில்லை, அவசரமும் இல்லை. வாரத்திற்கொரு நாள் வேலையை நிறுத்துதல் என்பதை இவர்கள் கட்டளையாகவே கொண்டு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் காத்து வருகின்றனர். இன்று உலகம் முழுதும் அனுபவிக்கும் வார விடுமுறையின் வேர் அங்கேதான் இருக்கின்றது. வைர வியாபாரத்தில் கோடி கோடியாகப் புரளுகின்ற தெருவிலும் சனிக்கிழமை சனிக்கிழமையே. கடையை ஒருநாள் அடைத்தால் வாடிக்கை போய்விடும் என்று நடுங்கும் நம்மனோர்க்கு அது வியப்பாகத் தோன்றும்.

அதே வீதியில் இன்று வியாபாரத்தின் பெரும்பங்கு நம் தேசத்தவர் கையில் இருக்கின்றது. குஜராத்திலுள்ள பாலன்பூர் என்னும் சிறு பட்டணத்துச் சமணர்கள் 1960-களிலிருந்து இங்கே வந்து குடியேறினர். சிறிய கற்களை வாங்கிச் சூரத்துக்கு அனுப்பிப் பட்டை தீட்டுவித்து மீண்டும் கொண்டுவந்து விற்றுப் படிப்படியாக உயர்ந்தனர். அண்ணன் ஆண்ட்வெர்ப்பில், தம்பி மும்பையில், மைத்துனன் சூரத்தில் என்று குடும்பமே கொத்தாக நின்று செய்யும் தொழில் அது. பேரம் முடிந்தால் கைகொடுத்து, 'மசால்' என்னும் எபிரேயச் சொல்லைச் சொல்லுகின்றார்கள். யூதரும் சமணரும் ஒன்றுபோலவே சொல்லுகின்றார்கள். அச்சொல் சொல்லியபின் பேச்சு மாறுதல் இல்லை, பத்திரமும் தேவையில்லை. மாப்பிள்ளை இதனைச் சொன்னபொழுது என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். யான் கடைச் சன்னல்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். வில்ரெய்க் என்னும் புறநகரில் அச்சமணர்கள் வெண்சலவைக் கல்லால் கோயிலும் எடுத்திருக்கின்றனர். அங்கே செல்ல எங்களுக்கு நேரமில்லை.

உணவைப்பற்றி ஒரு வார்த்தை. மரக்கறி உண்போர் அந்நாட்டில் பட்டினி கிடக்க வேண்டுவதில்லை. ஆயினும் அவர்கள் பெருமையோடு விற்கும் உருளைக்கிழங்கு வறுவலைக் கண்டு, கிழங்குதானே என்று வாங்கிவிடலாகாது. பழைய வழக்கப்படி அதனை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கின்றார்கள். எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் உண்டு. கேட்டு வாங்குதல் வேண்டும். கை வடிவமான பிஸ்கோத்து ஒன்று அந்நகரின் விசேஷம். அதன் கதை இது: ஷெல்ட் ஆற்றங்கரையில் அந்திகோன் என்னும் அரக்கன் இருந்தானாம். சுங்கம் செலுத்தாத படகோட்டிகளின் கையை வெட்டி ஆற்றில் எறிவானாம். பிராபோ என்னும் வீரன் அவ்வரக்கனை வென்று அவன் கையையே வெட்டி ஆற்றில் எறிந்தான். நகரமண்டபத்தின் முன்னுள்ள சதுக்கத்தில், கையை வீசும் நிலையில் அவ்வீரனுடைய வெண்கல உருவம் 1887-இல் நிறுத்தப்பெற்று, அதனடியிலிருந்து நீர் பாய்கின்றது. குழந்தை கதையைக் கேட்டுக்கொண்டே நான்கு கைகளைத் தின்றுவிட்டாள்.

அந்த ஆறுதான் அந்நகரத்திற்கு ஆக்கமும் கேடும். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகேயக் கப்பல்கள் நம் மேல்கரையில் ஏற்றிய மிளகு லிஸ்பன் வழியாக ஆண்ட்வெர்ப்புக்கே சென்று விலைபோயிற்று. ஏறக்குறைய 1,00,000 பேர் வாழ்ந்த அந்நகரம் அக்காலத்து ஐரோப்பாவின் தலைசிறந்த சந்தைகளுள் ஒன்று. 1576-இல் சம்பளம் பெறாத ஸ்பானியச் சிப்பாய்கள் நகரத்தைச் சூறையாடினர். 1585-இல் ஸ்பானியர் முற்றுகையிட்டு அதனைக் கைப்பற்றியபின், வடக்கே ஹாலந்தார் ஆற்றின் வாயை அடைத்துவிட்டனர். சில ஆண்டுகளுக்குள் மக்கட்டொகை பாதிக்கும் கீழாகக் குறைந்தது. கைத்தொழில் வல்லவரும் பொருளுடையாரும் ஆம்ஸ்டர்டாம் முதலிய ஊர்களுக்குக் குடிபெயர்ந்தனர். ஆறு மீண்டும் திறக்க இருநூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

அன்று மாலை அவ்வாற்றை நாங்கள் அடியால் கடந்தோம். 1933-இல் திறந்த நடைபாதைச் சுரங்கம் ஒன்று அங்கே உண்டு. 572 மீட்டர் நீளம். கட்டணமில்லை. மரத்தாலான பழைய நகரும் படிகள் கிறீச்சிட்டுக்கொண்டே நம்மைப் பாதாளத்திற்கு இறக்குகின்றன. வெள்ளை ஓடு பதித்த அந்நீண்ட குழாயில் குழந்தை கூவினாள். எதிரொலி திரும்பி வந்தது. என் மனைவி, தலைக்கு மேலே ஆறும் கப்பலும் போகின்றன என்பதை எண்ணி முருகன் நாமத்தைச் சொல்லிக்கொண்டே நடந்தாள். அக்கரையில் ஏறி நின்று பார்த்தால், நகரம் முழுதும் ஒரே பார்வையில் தெரிகின்றது. நடுவே 123 மீட்டர் உயரமுள்ள மாதாகோயில் கோபுரம். அக்கோயிலினுள் ரூபன்ஸ் என்னும் ஓவியர் தீட்டிய பெரிய படங்களைப் பகலிலேயே கண்டிருந்தோம். அவற்றை விவரிக்கும் திறம் எனக்கில்லை.

மறுநாட் காலை மிருகக்காட்சிசாலைக்கே போவதாக இருந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடியவர்களாய், 'வெள்ளிச் சந்தை' என்று பொருள்படும் பெயருடைய ஒரு சிறு சதுக்கத்திலிருந்த பழைய மாளிகையொன்றில் நுழைந்தோம். அதுவே பிளாந்தின்-மொரேட்டஸ் காட்சிசாலை. யான் இன்று பேச வந்தது பெரும்பாலும் அவ்வீட்டைப் பற்றியதே.

கிறிஸ்தோப் பிளாந்தின் என்பவர் பிரெஞ்சு தேசத்தில் எளிய குடியிற் பிறந்தவர். புத்தகம் கட்டும் தொழில் கற்று 1549-ஐ ஒட்டி ஆண்ட்வெர்ப்புக்கு வந்தார். ஓரிரவு வேறொருவரென்று மயங்கிய குடிகாரர்கள் அவரைக் கத்தியாற் குத்தினராம். தோள் பழுதாகிவிடவே புத்தகம் கட்ட இயலாமல் அச்சுத்தொழிலில் புகுந்தார் என்பது அக்குடும்பத்தின் வழிவழிச் செய்தி. 1555-இல் முதல் புத்தகத்தை வெளியிட்டார். இருபது ஆண்டில் 16 அச்சியந்திரங்கள் அவரிடம் ஓடின. வட்டம் வரையும் கவராயமே அவர் சின்னம். நகரும் கால் உழைப்பு, ஊன்றிய கால் உறுதி என்று பொருள் சொன்னார். 1576-இல் நான் முற்கூறிய சூறையாடல் நடந்தபொழுது, தம் சொத்தை மீட்க ஒன்பது முறை சிப்பாய்களுக்குப் பணம் கட்டினார். அதன் பிறகும் அச்சடித்தார்.

அவருடைய பெருஞ்செயல், எபிரேயம், அரமேயம், சிரியாக்கு, கிரேக்கு, இலத்தீன் என்னும் ஐந்து மொழிகளில் விவிலிய நூலை எட்டுப் பெருந்தொகுதிகளாக 1568 முதல் 1572 வரை அச்சிட்டது. நம் தமிழ் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்கச் சிறுநூலாகத் தன் சொந்த எழுத்தில் அச்சேறியது 1578-இல். அதாவது ஆறே ஆண்டு பின்பு. இதனை யான் பேர்த்திக்குச் சொன்னபொழுது, "அந்த எழுத்தும் இங்கே இருக்கிறதா, தாத்தா?" என்று கேட்டாள். இல்லையென்றேன். அதற்காக அவள் வருந்தியது எனக்கு மகிழ்ச்சியாயிருந்தது.

அவ்வீட்டில் எல்லாம் இருந்தபடியே இருக்கின்றன. தெருவை நோக்கிய புத்தகக் கடையில் பொன்நாணயம் நிறுக்கும் தராசு இருக்கின்றது. அடுத்து அச்சுக்கூடம், அதன் கோடியில் 1600-ஐ ஒட்டிச் செய்யப்பட்ட இரண்டு மர அச்சியந்திரங்கள். உலகத்தில் எஞ்சியிருப்பவற்றுள் அவையே மிகப் பழையவை. எழுத்து வார்க்கும் அறை, நூல்நிலையம், தோல் போர்த்த சுவர்கள், நடுவே கொடி படர்ந்த முற்றம். ஜன்னலோரம் பெரிய மரமேசை இட்ட ஓர் அறை; அதுவே பிழை திருத்துவோர் இருந்த இடம். நம் அச்சாபீசுகளில் 'புரூப்' என்று வழங்கும் தாளை அங்கே இருந்து ஒருவர் உரக்கப் படிக்க, மற்றொருவர் மூலத்தோடு ஒப்பிட்டு வந்தார். நம் சங்கப் பத்திரிகைக்கு அப்படியொரு மேசை வாய்க்குமாயின், சென்ற இதழில் 'மணமகன்' என்பது 'மணமகள்' என்று வந்திராது.

இனி யான் சொல்ல வந்தது. பிளாந்தினுக்குப் பெண்கள் ஐவர். ஒரே மகன் சிறுவயதிலேயே இறந்துபோனான். பெண்களுக்கு நான்கைந்து வயது முதலே படிப்பித்து, பன்னிரண்டு வயதுவரை அச்சுத்தாள் திருத்துவதில் துணையாக வைத்துக்கொண்டதாக அவரே 1570-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கின்றார். அடுத்தடுத்த பெண்களுக்குச் சரிகைப் பின்னலும் சணல்துணியும் விற்கும் வியாபாரத்தில் பழக்கம். நான்காம் பெண் மகதலேனா, பதின்மூன்று வயதில், ஐம்மொழி விவிலியத்தின் அச்சுத்தாள்களைச் சுமந்து, ஸ்பானிய மன்னர் அனுப்பிய பண்டிதர் ஆரியஸ் மொண்டானஸ் தங்கியிருந்த வீட்டிற்குச் சென்று, எபிரேய மூலத்தையும் கிரேக்க மூலத்தையும் அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு, பெண்ணுக்கு எழுத்தெதற்கு என்று ஐரோப்பாவும் நம்மைப்போலவே எண்ணியிருந்த காலத்தில் நடந்தது இது.

இரண்டாம் பெண் மார்த்தினாவை, கடையிலே எழுத்தராக இருந்த ஜான் மொரேட்டஸ் என்பவர் மணந்தார். 1589-இல் பிளாந்தின் இறந்தபொழுது, ஆண்ட்வெர்ப் அச்சகம் இவ்விருவருக்கும் சேர்ந்தது. மூத்த மருமகர் லெய்டன் நகரத்துக் கிளையை முன்னரே பெற்றிருந்தார். மற்றவர்களுக்கு மனக்குறை எழாமல் இல்லை. பின்பு உடன்படிக்கை செய்து தீர்த்துக்கொண்டனர். பாகத் தகராறு நம் ஜாதிக்கு மாத்திரம் உரிய சொத்தன்று என்பதை அறிந்து சிறிது ஆறுதல் கொண்டேன். கணவர் 1610-இல் இறந்தபின் மார்த்தினாவே புதல்வரோடு நிருவாகத்தில் இருந்தார். பிற்காலத்திலும் அன்னா மரியா டெ நெவ், மரியா தெரேசியா பொரெக்கென்ஸ் என்னும் இரண்டு கைம்பெண்கள் ஆண்டுக்கணக்காக அவ்வச்சகத்தை நடத்தினர். ஒவ்வொரு தலைமுறையிலும் அச்சகத்தைக் கூறுபோடாமல் ஒருவரிடம் ஒப்புவிப்பது வழக்கமாயிற்று. இப்படி மகள் வழியாகச் சென்ற தொழில் மூன்று நூற்றாண்டு நின்றது. 1876-இல் எட்வர்டு மொரேட்டஸ் என்பவர் வீட்டையும் பொருள்களையும் நகரசபைக்கு விற்றார்; அடுத்த ஆண்டே காட்சிசாலையாயிற்று. ஆண்பிள்ளை இல்லையேல் கடை முடிந்தது, குலவிளக்கு அணைந்தது என்று நாம் பேசும் பேச்சை எண்ணிக்கொண்டு அம்முற்றத்தில் நின்றேன். மகளின் வயிற்றிற் பிறந்த பல்தசார் மொரேட்டஸ் காலத்திலேதான் அவ்வீடு பேரழகு பெற்றது. ரூபன்ஸ் அவருக்கு உற்ற நண்பர். புத்தக முகப்புக்குப் படம் வேண்டுமாயின் ஆறு மாதம் முன்னதாகவே சொல்லிவைத்து, ஓய்வுநாட்களில் எழுதச் செய்வாராம். வேலைநாளிற் கேட்டால் கூலி கட்டுபடியாகாதாம். தேர்ந்த வியாபாரி!

என் மகளை இவையொன்றும் அவ்வளவு ஈர்க்கவில்லை. அவள் ஒரு கண்ணாடிப் பேழையின் முன் கால்மணிநேரம் நின்றாள். அதனுள் இருந்தது கணக்குப் புத்தகம். காகிதம் வாங்கியது, கூலி கொடுத்தது, புத்தகம் எவ்வூர் வியாபாரிக்கு எத்தனை அனுப்பியது என்று முன்னூறாண்டுக் கணக்கும் கடிதங்களும் அவ்வீட்டில் சிதையாமல் இருக்கின்றன. யுனெஸ்கோ சபையார் 2001-இல் அக்கணக்கு ஆவணங்களை உலக நினைவுப் பட்டியலிலும், 2005-இல் அவ்வீட்டையே உலக மரபுச் சின்னங்களிலும் சேர்த்தனர். அவள் கேட்டாள்: "அப்பா, நம்ம கடையின் பழைய பேரேடெல்லாம் எங்கே?"

"பரண்மேல் இருக்கின்றன. கரையான் எவ்வளவு விட்டுவைத்ததோ" என்றேன்.

"ஐயாவுடைய கையெழுத்துக் கணக்கு?"

"அதுவும் அங்கேதான்."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. எங்கள் தந்தையாரை அவள் பார்த்ததில்லை. அவர் கையெழுத்தை மாத்திரம், சிறுவயதில் கடைக் கல்லாவின் அருகே அமர்ந்து எழுத்துக் கூட்டிப் படித்திருக்கின்றாள்.

மத்தியானம் மழை விட்டது. துறைமுகத்தருகே 'ரெட் ஸ்டார் லைன்' என்னும் கப்பல் கம்பெனியின் பழைய கட்டடங்களில் 2013-இல் ஏற்படுத்திய காட்சிசாலையைக் காணச் சென்றோம். 1873 முதல் 1934 வரை சுமார் இருபது இலட்சம் பேர் அங்கிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். பெரும்பாலோர் கிழக்கு ஐரோப்பிய ஏழைகளும் யூதர்களும். மூன்றாம் வகுப்பாரை நீராட்டி, மூட்டைகளை வெந்நீராவியில் சுத்தம்செய்து, வைத்தியர் கண்ணிமையைப் புரட்டிப் பார்ப்பார். கண்ணோய் உடையவரை அமெரிக்கா திருப்பியனுப்பினால் திரும்பும் செலவு கம்பெனியின் தலையில் விழும். ஆதலின் இங்கேயே கண்டிப்பு அதிகம். குடும்பம் முழுதும் கப்பலேற, கண்ணோயுள்ள குழந்தை மாத்திரம் கரையிலே நின்றதும் உண்டு. அப்படங்களின் முன் என் மனைவி நெடுநேரம் நின்றாள். பிறகு பேர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டவள், ஸ்டேஷன் வரும்வரை விடவில்லை. மிருகக்காட்சிசாலையைக் குழந்தை மறந்தாளல்லள். அடுத்த முறைக்கென்று வாக்குக் கொடுத்தபின்பே வண்டியில் ஏறினாள்.

திரும்பும் வண்டியில் குழந்தை பாட்டியின் மடியில் உறங்கினாள். மகள் தானே பத்திரத்தின் பேச்சை எடுத்தாள். "அப்பா, கடை சிதறக்கூடாது என்று சித்தப்பா நினைக்கிறது சரிதான். நானும் அதைத்தான் நினைக்கிறேன். பங்கைப் பிரித்துக் கொடு என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் எனக்கு உரிமை வேண்டாம் என்று கையெழுத்துப் போடவும் மாட்டேன். கூட்டிலே நானும் ஒருத்தியாக இருக்கிறேன். கணக்கை நான் பார்க்கிறேன், இங்கேயிருந்தே பார்க்கலாம். தம்பிமார் கடையை நடத்தட்டும்." மாப்பிள்ளை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இது தம் மாமனார் வீட்டு விஷயமென்று ஒதுங்கி நின்ற அவர் பெருந்தன்மையை இங்கே சொல்லாதிருத்தல் முறையன்று. என் மனைவி, "உன் சித்தப்பாவிடம் நீயே பேசு, உன் அப்பா தூதுபோனது போதும்" என்றாள்.

மறுநாள் அவள் தொலைபேசியில் என் தம்பியோடு பேசினாள். முக்கால் மணிநேரம் பேச்சு நடந்தது. யான் பக்கத்து அறையில் இருந்தேன். தம்பியின் குரல் இரண்டுமுறை உயர்ந்தது சுவரின் வழியே கேட்டது. அவன் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. முப்பது ஆண்டு கல்லாவில் அமர்ந்தவன் அவன். கடலுக்கு அப்பாலிருந்து ஒரு பெண் கணக்குக் கேட்பதென்றால், நம்பிக்கையில்லை என்று கேட்பதுபோல் தோன்றும். அவள் அதற்குச் சொன்ன விடையைத் தம்பியே பிறகு என்னிடம் சொன்னான்: "சித்தப்பா, நம்பிக்கை இல்லாத கடையிலே நான் பங்கு வைத்துக்கொள்வேனா?"

பத்திரம் கையெழுத்தாகவில்லை. அதற்குப் பதிலாகப் பங்குதாரர் உடன்படிக்கை ஒன்று எழுதலாமா என்று வக்கீலிடம் கேட்டிருக்கின்றோம். தம்பியின் மூத்த மகன் அதற்கு இசைந்திருக்கின்றான், இளையவன் யோசிக்கின்றான். பரணிலிருந்து பேரேடுகளை இறக்கியாயிற்று. எங்கள் தந்தையார் எழுதியவற்றுள் ஏழு புத்தகங்கள் முழுதாகவும், இரண்டு பாதியாகவும் கிடைத்தன. அவற்றை நிழலில் உலர்த்தி வேப்பிலை இட்டு வைத்திருக்கின்றோம். கடைசி மூன்றாண்டுக் கணக்கைத் தம்பி மகன் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து ராட்டர்டாமுக்கு அனுப்பிவைத்தான். முதலாண்டுக் கணக்கைப் படித்துவிட்டு என் மகள் பதினொரு கேள்விகள் எழுதியனுப்பியிருக்கின்றாள். இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கும் என் தம்பி, அவற்றுள் ஏழுக்கு இதுவரை விடையெழுதியிருக்கின்றான்.